ப்ரூக்ளினில் எம்.ஜி.ஆர்., ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சோதனைக்குழாய்

இந்த எபிசோட் சிறுநீரகம் பற்றியது. தமிழ்நாட்டில் கிட்னி கதையை எம்.ஜி.ஆரை விட்டுட்டு ஆரம்பிக்க முடியாது. அதனால அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

1984 அக்டோபர் 5. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. சில நாட்களில் பக்கவாதமும் தாக்குகிறது. நவம்பர் தொடக்கத்தில் தனி விமானத்தில் நியூயார்க் கொண்டு போகிறார்கள். ப்ரூக்ளினில் இருக்கும் டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் டிசம்பர் 19-ஆம் தேதி மாற்று சிறுநீரகம் பொருத்தப்படுகிறது. கொடுத்தவர் அவருடைய அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. அடுத்த சில நாட்களில் இங்கே தேர்தல். ஒரு நாள்கூடப் பிரச்சாரத்துக்கு வராத மனிதர் ஆண்டிபட்டியில் ஜெயிக்கிறார். மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதை, பேப்பர் படிப்பதைப் படம் பிடித்து ஊர் ஊராகத் திரையிட்டது எல்லாம் உங்க அப்பா அம்மாவைக் கேட்டா சொல்வாங்க. 1985 பிப்ரவரி 4-ஆம் தேதி ஊர் திரும்புகிறார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூணு வருஷம் இருந்தார்.

கிட்னி போச்சுன்னா என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக் கிராமம் வரை தெரிந்தது அப்போதுதான். ஆனா அந்தச் செய்தியோட சேர்ந்து ஒரு படமும் மனசுல ஒட்டிக்கிச்சு. பெரிய மெஷின், பெரிய ஆபரேஷன், தூர தேசம், நிறையப் பணம். கிட்னி வைத்தியம்னா அதுதான். இன்னைக்கு நான் சொல்ல வர்றது, அந்தப் படத்துக்குள்ள வராத ஒரு ஆராய்ச்சியைப் பற்றி. அதுவும் நம்ம ஊர்ல நடந்தது.

முதல்ல மெஷின்.

1943. நெதர்லாந்து நாஜிகளின் கையில் இருக்கிறது. காம்பன் என்ற சின்ன ஊர் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர், தொத்திறைச்சி அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, உப்புநீர்த் தொட்டிக்குள் உருள விடுகிறார். குழாய்க்குள் நோயாளியின் ரத்தம். செலோஃபேனில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். யூரியா மாதிரி சின்ன மூலக்கூறுகள் வெளியே போகும், ரத்த அணுக்கள் உள்ளேயே நிற்கும். அவ்வளவுதான் தத்துவம். இன்றைய மெஷினிலும் அதே தத்துவம்தான். முதலில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள். 1945-இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார்.

ஆனால் அப்போது டயாலிசிஸ் என்பது சில நாட்களுக்கான வைத்தியம். ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்கணும். எத்தனை தடவை வெட்ட முடியும்? 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்ளான் குழாய் ஒன்றைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் வழியைக் கண்டுபிடித்தார். அவருடைய முதல் நோயாளி அதற்கப்புறம் 11 வருஷம் உயிரோடு இருந்தார். கிட்னி செத்தாலும் ஆள் வாழலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

இந்தியாவுக்கு அது வர ரொம்ப நாள் ஆகவில்லை. 1960களின் முதல் பாதியிலேயே வேலூர் சி.எம்.சி.யில் டயாலிசிஸ் நடந்தது. 1971-இல் அதே வேலூரில், டாக்டர் மோகன் ராவும் டாக்டர் கே.வி. ஜானியும் சேர்ந்து இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தார்கள். அதாவது, எம்.ஜி.ஆர். ப்ரூக்ளின் போவதற்கு 13 வருஷம் முன்னாடியே இது சென்னையிலிருந்து மூணு மணி நேரத் தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. இதை யாரும் அவ்வளவா ஞாபகம் வெச்சுக்கல.

சரி, மெஷினில் ஆள் பத்து, பதினைந்து வருஷம் வாழ ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுவரை மனித உடம்பு பார்க்காத புது நோய்கள் வந்தன. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

ஜப்பானில் உறுப்பு மாற்று ரொம்பக் குறைவு. அதனால் அங்கே வருஷக்கணக்கில் டயாலிசிஸிலேயே இருப்பவர்கள் அதிகம். அவர்களுக்கு மணிக்கட்டு மரத்துப்போச்சு, தோள் தூக்க முடியல, மூட்டுகளில் ஏதோ மெழுகு மாதிரி படிந்திருந்தது. 1985-இல் நீகாட்டாவில் ஃபுமிடாகே கெஜ்யோவின் குழு அந்தப் படிவத்தைப் பிரித்துப் பார்த்தது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம். நம் செல்கள் தினமும் உதிர்க்கிற சாதாரணப் புரதம்தான். நல்ல கிட்னி அதைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிடும். யூரியாவின் மூலக்கூறு எடை 60, இதனுடையது கிட்டத்தட்ட 11,800. அந்தக் காலத்து டயாலிசிஸ் சவ்வின் துளைக்குள் அது நுழையாது. ரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது, டயாலிசிஸ் ஆட்களுக்கு 30, 40 என்று ஏறி, பத்து வருஷத்தில் எலும்பிலும் மூட்டிலும் படிந்தது.

இப்போ கதையில் ஒரு திருப்பம். இதே புரதத்தைத்தான் புற்றுநோய் டாக்டர்களும் அளக்கிறார்கள். மல்டிபிள் மைலோமா என்று எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய். 2005-இல் வகுத்த சர்வதேச அளவுகோலின்படி, மைலோமா நோயாளிக்கு பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் 5.5-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. டயாலிசிஸில் இருப்பவருக்கு, புற்றுநோய் துளிகூட இல்லாமல், அது 30 இருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் என்ன நினைப்பீங்க?

இது ஏதோ லேப் விஷயம்னு விட முடியாது. எங்க ஊர் வீரகேரளம்புதூர். தென்காசி மாவட்டம், சிற்றாற்றங்கரை. ஊத்துமலை ஜமீன் அரண்மனை இருக்கிற ஊர், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தது அந்த ஜமீன்தான். எங்க பக்கத்துல வீ.கே.புதூர்னு சொன்னாத்தான் பஸ்ல டிக்கெட் தருவாங்க. அங்க என் பெரியம்மா டயாலிசிஸ்ல இருந்தாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை திருநெல்வேலிக்குப் போய்ட்டு வரணும். ஒரு நாள் யாரோ சொன்னாங்கன்னு ‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜ் ஒண்ணு எடுத்திருக்காங்க. ரிப்போர்ட்டில் சி.ஏ.-125 என்ற எண் சிவப்பு எழுத்தில். கூகுள் பண்ணினா கர்ப்பப்பை பக்கத்துல, சினைப்பையில வர்ற புற்றுநோய்னு வருது. அண்ணன் ராத்திரி போன் பண்ணி, “எலே, இதை அம்மாட்ட எப்படிலே சொல்றது”ன்னு கேட்டான். ரெண்டு நாள் வீட்ல யாரும் சரியா சாப்பிடல. அப்புறம் கிட்னி டாக்டர் பார்த்துட்டு, வயித்துல தண்ணி கோத்திருக்கு, அந்தத் தண்ணி இருந்தாலே இந்த எண் ஏறும்னு சொல்லி, ஸ்கேன் எடுத்து, ஒண்ணும் இல்லைன்னு அனுப்பினார்.

சி.இ.ஏ. என்ற மார்க்கரும் அப்படித்தான், கிட்னி போனால் தானாகவே கொஞ்சம் ஏறும். பி.எஸ்.ஏ., ஏ.எஃப்.பி. இரண்டும் அவ்வளவாக மாறாது. எது ஏறும், எது ஏறாது என்று கண்டுபிடித்ததும் டயாலிசிஸ் யூனிட்களில் பொறுமையாக நடந்த ஆராய்ச்சிதான். பேக்கேஜ் விற்கிறவர்கள் அதைப் படிப்பதில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். புற்றுநோய் மார்க்கர் என்ற கருத்தே சிறுநீரில்தான் பிறந்தது. 1845, லண்டன். எலும்பு நொறுங்கும் வியாதியோடு ஒரு மளிகை வியாபாரி. அவருடைய சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற டாக்டரிடம் வருகிறது. லேசாகச் சூடாக்கினால் திரிகிறது, கொதிக்க வைத்தால் கரைந்து தெளிகிறது, ஆறினால் மறுபடி திரிகிறது. அந்த விநோதமான புரதம் மைலோமாவின் அடையாளம். மார்க்கர்களில் அதுதான் முதலாவது. அதே புரதம் கிட்னியையும் கெடுக்கும். இந்தச் சிறுநீரைச் சூடாக்கும் வேலையை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்பி வர்றோம்.

இந்தியாவுக்கு வருவோம். ஜப்பானில் கண்டுபிடித்த மூட்டுப் படிவம் நம்மூரில் அன்றைக்குப் பெரிய பிரச்சினை இல்லை. காரணம் நல்லதல்ல. டயாலிசிஸில் பத்து வருஷம் தாக்குப்பிடித்தவர்களே இங்கே குறைவு. நம் நோயாளிகளுக்கு வந்தது காசநோய், மஞ்சள் காமாலை. எல்லாத்துக்கும் முன்னால் காசு தீர்ந்துபோவது. வேலூரில் 1986 முதல் 1999 வரை சிறுநீரக மாற்று செய்துகொண்ட 1,251 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, 166 பேருக்குக் காசநோய் வந்திருந்தது. புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறோம், அந்த இடைவெளியில் நம்ம ஊர்க் கிருமி நுழைகிறது. அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் இது ஓரத்தில் ஒரு வரி. இங்கே எட்டு பேரில் ஒருவர்.

அப்புறம் கிட்னி எங்கிருந்து வரும்? 80களில், 90களில் சென்னை வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்றே பெயர். 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைத் தடை செய்தது. 2001 பிப்ரவரியில், மாதவ் கோயலும் மூன்று ஆய்வாளர்களும் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்துப் பேசினார்கள். 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. நம்ம ஊரைப் பற்றி வந்த ஆய்வுகளில் என்னைத் தூங்கவிடாமல் பண்ணினது இது.

96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர், பேசியதைவிடக் குறைவு. விற்றுச் சராசரியாக ஆறு வருஷம் ஆகியிருந்தது, அப்போதும் கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்னை மாதிரி இல்லை என்றார்கள். கட்டடத்தில் கல் சுமந்தவருக்கு இடுப்பில் வெட்டு விழுந்தால் வேறென்ன ஆகும்? மற்றவங்களுக்கு இதைச் சொல்வீங்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள்.

இதில் எனக்கு விசித்திரமாகப் பட்ட ஒன்று. ப்ரூக்ளினில் எம்.ஜி.ஆருக்கு வைத்தியம் பார்த்தவர் எலி ஃப்ரீட்மேன், பெரிய ஆராய்ச்சியாளர், டயாலிசிஸ் மெஷினை ஒரு சூட்கேஸுக்குள் அடக்கியவர். அவரே 2006-இல், கிட்னிக்குச் சட்டபூர்வமாக விலை கொடுக்கலாம் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். மெஷினில் காத்திருந்தே செத்துப்போகிறவர்களைத் தினமும் பார்த்த டாக்டரின் வாதம் அது, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் வாங்குகிறவர் தெரிகிறார். வில்லிவாக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 305 பேர் தெரிகிறார்கள். நான் இரண்டாவது பக்கம். 2025-இல் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்றது வெளியே வந்தபோதும் காரணம் அதே கடன்தான்.

இப்ப அந்தச் சூடாக்கிய சிறுநீருக்கு வருவோம்.

1827-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டினார். முட்டை வெள்ளை மாதிரி திரிந்தால் கிட்னி கெட்டிருக்கிறது. ஆள் இறந்தபின் அறுத்துப் பார்த்து உறுதி செய்தார். கிட்னியின் வடிகட்டி ஓட்டையானால் புரதம் ஒழுகும். அது ஒழுகத் தொடங்குவது, உடம்பு வீங்குவதற்குப் பல வருஷம் முன்னாடி. அந்த இடைவெளியில் பிடித்தால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அடக்கி, மெஷின் வரை போகாமல் பல பேரைத் தடுக்கலாம்.

இதைச் செய்து பார்த்தவர் சென்னையில் இருந்த ஒரு கிட்னி டாக்டர், எம்.கே. மணி. 70களில் பம்பாய் ஜஸ்லோக்கில் வேலை பார்த்தவர். எமர்ஜென்சியில் சிறை வைக்கப்பட்டுக் கிட்னி இழந்த ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு டயாலிசிஸ் செய்தது அங்கேதான். பிறகு சென்னை அப்போலோ. 1991-இல் பத்மபூஷண். தன் வாழ்க்கைக் கதைக்கு ‘யமராஜனின் சகோதரன்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். யமன் உயிரை மட்டும்தான் எடுப்பான், வைத்தியன் உயிரோடு பணத்தையும் சேர்த்து எடுப்பான் என்று கிண்டல் செய்யும் பழைய சமஸ்கிருதச் சுலோகத்திலிருந்து எடுத்த பெயர். விலை உயர்ந்த வைத்தியத்தின் உச்சியில் இருந்த ஆள் தன்னையே கேலி பண்ணிக்கிட்ட மாதிரி.

அவர் சொன்னது எளிமையானது. இந்தியாவில் கிட்னி செயலிழக்கிற எல்லோருக்கும் டயாலிசிஸ் தர நம்மிடம் பணம் கிடையாது, அதனால் செயலிழக்காமல் பார்ப்பதுதான் வழி. ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ என்ற அமைப்பின் மூலம் 90களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில் வேலை தொடங்கியது. மக்கள் தொகை 25,000. டாக்டர்கள் வீடு வீடாகப் போகவில்லை. அந்தந்தப் பக்கத்துப் பெண்கள், பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், பயிற்சி எடுத்துக்கொண்டு போனார்கள். கையில் பி.பி. கருவி, சில சோதனைக்குழாய்கள், இரண்டு புட்டிகள். ஒன்று சல்ஃபோசாலிசிலிக் அமிலம். சிறுநீரில் சில சொட்டு விட்டால், புரதம் இருந்தால் மோர் மாதிரி கலங்கும். பிரைட்டின் மெழுகுவத்திக்குப் பதில் ஒரு அமிலம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று பெனடிக்ட் கரைசல். ப்ளஸ் டூ லேப்ல நீங்க எல்லோரும் சூடாக்கி, நீலம் செங்கல் நிறமா மாறுறதைப் பார்த்திருப்பீங்க. சர்க்கரைக்கு அதே சோதனை.

கலங்கினவர்கள், அழுத்தம் ஏறியவர்கள் மட்டும் டாக்டரிடம். மருந்து? சந்தையில் ரொம்ப மலிவானவை. அழுத்தத்துக்கு ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசின். சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின். ரிசர்பின் நம்ம சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. பெரிய மருத்துவமனைகளில் அதை எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மணி அதைத் தூசி தட்டி எடுத்தார். அந்தப் பெண்கள் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள். என் கணக்கில் மொத்தத் திட்டத்தின் உயிரே இந்தக் கேள்விதான். மருந்தை எழுதித் தருவது சுலபம், ஆறாவது மாசமும் அதைச் சாப்பிட வைப்பதுதான் கஷ்டம்.

முடிவுகள் 2000களில் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் வந்தன. மருந்து எடுத்த ரத்த அழுத்தக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது. சர்க்கரைக்காரர்களில் 52 சதவீதம் பேருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7-க்குள் நின்றது. நல்ல மருத்துவமனைகளே பொறாமைப்படும் எண்கள். செலவு, தலைக்கு வருஷத்துக்கு 27 அமெரிக்க சென்ட். அன்றைய மதிப்பில் பன்னிரண்டு, பதிமூன்று ரூபாய். 25,000 பேருக்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் மூன்று லட்சம்.

பெரியம்மாவுக்குப் பதினைந்து வருஷமா சர்க்கரை. மாசா மாசம் ரத்தத்துல சர்க்கரை பார்த்தாங்க, மாத்திரை வாங்கினாங்க. சிறுநீரில் புரதம் இருக்கான்னு அந்தப் பதினைந்து வருஷத்துல ஒரு ஆளும் பார்க்கச் சொல்லல. கால் வீங்கின பிறகுதான் பார்த்தாங்க. அப்போது கிரியேட்டினின் 6.

அந்த ஸ்ரீபெரும்புதூர் மாதிரி, அப்படியே இல்லாவிட்டாலும், பிறகு அரசாங்கத்துக்குள் வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. கொண்டுவருவதும் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள்தான். வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான பைகளையும் தருகிறார்கள். 2023-இல், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அமிலப் புட்டிக்குப் பதில் ஒரு காகிதப் பட்டை. புரதம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். நல்ல விஷயம், தாமதமாக வந்தாலும்.

ஆனா இங்க ஒரு சிக்கல். 2023 வெயில் காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறை மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாமல், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். சுமார் 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தெரிந்த காரணம் எதுவும் இல்லை. ஆந்திராவின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம், எல் சால்வடாரின் கரும்புத் தோட்டங்கள் என்று பல இடங்களில் வயலில் உழைப்பவர்களைத் தாக்கும் அதே மாதிரியான நோய். வெயிலில் உடம்பு நீர் வற்றுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கட்சி, பூச்சிமருந்தும் குடிநீரும் என்பது இன்னொரு கட்சி. சண்டை இன்னும் முடியவில்லை.

இந்த நோய் வடிகட்டியை விட்டுவிட்டு அதை அடுத்த நுண்குழாய்களைக் கெடுக்கிறது. அதனால் சிறுநீரில் புரதம் ரொம்ப ஒழுகாது. பிரைட்டின் கரண்டியில் திரியாது, மணியின் குழாயில் கலங்காது, இன்றைய பட்டையிலும் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாசங்களை விட்டால், எங்க பக்கத்து வெயில் லேசுப்பட்டதில்லை. புதூரிலும் சுரண்டைப் பக்கமும் அந்த வெயிலில் களை எடுக்கிற ஆள் பட்டையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். அவருக்குத் தேவை ரத்தத்தில் கிரியேட்டினின் சோதனை. உங்க வீட்டில் வயல் வேலை செய்றவங்க இருந்தா, சர்க்கரை இல்லைன்னு விட்டுடாதீங்க, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அதையும் கேட்டு எடுக்க வைங்க.

சர்ப்பகந்தா பத்தி ரெண்டு வரியில் தாண்டிட்டேன். அந்த வேரை வெச்சு ரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம்னு 1949-இல் உலகத்துக்குச் சொன்னவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல். அடுத்த எபிசோட் அவரைப் பற்றி.